தோலுக்குள் மருந்தை அனுப்பும் தெளிந்த திரவம்

குழந்தைக்கு ஊசி குத்துமுன் அந்த இடம் மரத்துப்போக, லிடோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த களிம்பைத் தடவுவது உண்டு. தடவி, மேலே ஒட்டுத்தாள் போட்டு மூடி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

தாமதத்துக்குக் காரணம் தோலின் மேலடுக்கு. அதன் தடிமன் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரான்தான். ஆனால் இறந்த செல்கள் செங்கல்லாக அடுக்கியிருக்க, இடையில் செராமைடும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும் சாந்தாகப் பூசியிருக்கின்றன. 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு இதைக் கடப்பது அரிது. சுமார் 5,800 டால்டன் எடையுள்ள இன்சுலினைத் தடவிக்கொள்ள முடியாததும் இதனால்தான்.

மைக்ரோஎமல்ஷனுக்கு இங்கேதான் வேலை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஹோர், ஷுல்மன் இருவரும் 1943இல் விவரித்த கலவை இது. எண்ணெய், தண்ணீர், இரண்டையும் இணைக்கும் ட்வீன் 80 போன்ற சர்ஃபாக்டன்ட், அதற்குத் துணையாகப் பெரும்பாலும் ஓர் ஆல்கஹால். அளவு சரியாக அமைந்தால் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம், கலக்கினாலே போதும். பால்போல் வெளுத்திருக்கும் சாதாரண எமல்ஷன் நாளாவட்டத்தில் பிரிந்துவிடும். இதுவோ கண்ணாடிபோல் தெளிந்திருக்கும், பிரியாது. துளிகள் 100 நானோமீட்டருக்கும் சிறியவை.

துளி சிறியது, ஆகவே தோலுக்குள் நுழைந்துவிடுகிறது என்று விளம்பரக்காரர்கள் சொல்லக்கூடும். விஷயம் அப்படியல்ல. எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்திருப்பதால் இதில் மருந்து நிறையக் கரைகிறது; தோலுக்குள் தள்ளும் விசை கூடுகிறது. ஓலியிக் அமிலம், சர்ஃபாக்டன்ட் போன்றவை சாந்தையும் தளர்த்துகின்றன. டென்மார்க் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் எலித் தோலை வைத்துச் சோதித்தபோது, சாதாரண எமல்ஷனைவிட லிடோகெய்ன் 4 மடங்குவரை கூடுதலாகக் கடந்தது. ஹைட்ரோஜெல்லோடு ஒப்பிட்டால் பிரிலோகெய்ன் 10 மடங்குவரை. எலித் தோல் மனிதத் தோலைவிட எளிதில் வழிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

சாந்தைத் தளர்த்தும் அதே சர்ஃபாக்டன்ட் தோலுக்கு எரிச்சலூட்டவும் செய்யும். மைக்ரோஎமல்ஷனுக்கோ அது தாராளமாக வேண்டும். தவிர, தண்ணீராக வழிந்தோடுவதால் கார்போமர் என்ற கெட்டிப்படுத்தும் பொருளைச் சேர்த்து ஜெல்லாக்க வேண்டியிருக்கிறது. வலி, பூஞ்சைத் தொற்று போன்றவற்றுக்குத் தடவுகிற இடத்திலேயே வேலை செய்யும் மருந்துகளுக்கு இது நல்ல வழி. ஊசிக்கே விடைகொடுக்கும் என்பது மிகை.

மருந்து வேகமாக உள்ளே போவது எப்போதும் நல்லதல்ல. இன்றைய களிம்பிலேயே பிரிலோகெய்ன் அளவு மீறினால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறன் குறையலாம். டாக்டர் சொன்ன அளவுக்கும் நேரத்துக்கும் மேல் தடவாதீர்கள்.