மூன்று நிமிடத்தில் தீரும் சுருள்

ஆயிரம் அடி பிலிம் சாதாரண 35 எம்.எம். காமிராவில் சுமார் 11 நிமிடம் ஓடும். அதே ஆயிரம் அடி ஐமாக்ஸ் காமிராவில் மூன்று நிமிடம்கூடத் தாங்காது. நடிகர் உணர்ச்சியின் உச்சியில் நிற்கும்போது சுருள் தீர்ந்துவிடலாம். மறுபடி பிலிம் ஏற்றும்வரை யூனிட் முழுவதும் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதுதான்.

காரணம், பிலிம் ஓடும் விதம். 35 எம்.எம். பிலிம் காமிராவுக்குள் மேலிருந்து கீழாக இறங்கும். ஒரு பிரேமுக்கு நான்கு துளைகள். ஐமாக்ஸில் 65 எம்.எம். பிலிம் படுக்கைவாட்டில் ஓடுகிறது. ஒரு பிரேமுக்கு 15 துளைகள். பிரேமின் பரப்பு 35 எம்.எம்.மைப் போல ஒன்பது மடங்குக்குக் குறையாது. எவ்வளவு பெரிய திரையில் விழுந்தாலும் படத்தில் புள்ளிகள் துருத்தித் தெரிவதில்லை.

அதற்கான விலையும் உண்டு. காமிரா 20 கிலோவுக்கு மேல் கனம், இரைச்சலும் அதிகம். ஆரி 2சி காமிராவின் சத்தத்தில் நடித்துவிட்டு, பிறகு டப்பிங்கில் பேசிப் பழகிய இந்தியப் படவுலகுக்கு இது பெரிய விஷயமில்லை. படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்யும் ஹாலிவுட்டுக்குத்தான் தலைவலி. எனவே கிறிஸ்டோபர் நோலன் 'டன்கிர்க்' (2017) படத்தின் வசனக் காட்சிகள் பலவற்றுக்கு, அமைதியாக ஓடும் வேறு 65 எம்.எம். காமிராவை நாடினார்.

அதே படத்தில், போர் விமானக் காட்சிக்காகப் பொருத்திய ஐமாக்ஸ் காமிரா சுருளோடு கடலில் மூழ்கியது. சோர்ந்து போகாத யூனிட் லேபின் யோசனையைக் கேட்டது: பிலிமைக் காயவிடக் கூடாது. ஈரத்தோடு லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போய்ச் சேர்ந்த சுருள் டெவலப் ஆனது. அந்தக் காட்சி படத்தில் இருக்கிறது.

இந்திய ரசிகருக்கு '70 எம்.எம்.' என்பது போஸ்டரில் பார்த்துப் பழகிய எழுத்து. ஆனால் 'ஷோலே' (1975) 35 எம்.எம்.மில் எடுக்கப்பட்டு, பிறகு 70 எம்.எம். பிரிண்டாகப் பெரிதாக்கப்பட்டது. ரஜினிகாந்தின் 'மாவீரன்' (1986) தமிழின் முதல் 70 எம்.எம். படம் என்ற பெயரோடு வந்தது. இப்படிப் பெரிதாக்கியதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. அகன்ற திரையும் ஆறு டிராக் ஸ்டீரியோ ஒலியும் நிஜமாகவே கிடைத்தன. பெரிய நெகடிவ் மட்டும் இல்லை. அந்த காமிராக்களுக்கும் லேபுக்கும் ஆகும் செலவு இங்கே கட்டுப்படியாகவில்லை. காசியின் படித்துறைகள் 65 எம்.எம். நெகடிவில் பதிவானது 'பரக்கா' (1992) என்ற அமெரிக்கப் படத்துக்காக.

நோலனின் 'ஓப்பன்ஹைமர்' (2023) படத்துக்காகக் கோடக் நிறுவனம் 65 எம்.எம். கறுப்பு-வெள்ளை பிலிமையே புதிதாகத் தயாரித்துக் கொடுத்தது. ஐமாக்ஸ் பிரிண்டின் நீளம் சுமார் 17 கிலோமீட்டர். எடை 270 கிலோ. அதைத் திரையிட்ட தியேட்டர்கள் உலகம் முழுக்க 30. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போக, மெல்போர்னிலும் பிராகிலும் ஒவ்வொன்று. ஆசியாவில் ஒன்றுகூட இல்லை.

இந்தியா இதில் எப்போதுமே வெளியாளாக இருந்ததில்லை என்பதுதான் வருத்தம். ஹைதராபாதின் பிரசாத்ஸ் ஐமாக்ஸ் 2003ல் திறக்கப்பட்டபோது பெரிய பிலிம் புரொஜெக்டரோடுதான் வந்தது. பின்னால் டிஜிட்டல் அலையில் அதுவும் போயிற்று. ஆகவே ஓப்பன்ஹைமரை இங்கே ஐமாக்ஸில் பார்த்தவர்கள் பார்த்தது டிஜிட்டல் நகல். நெகடிவின் உயரம் முழுவதும் திரைக்கு வரவில்லை. மேலும் கீழும் வெட்டுப்பட்ட படம். டிக்கெட் கட்டணத்தில் மட்டும் வெட்டு இல்லை.

ஹாலிவுட்டில் பெரிய பிலிம் இன்னும் ஓடுகிறது. 'சின்னர்ஸ்' (2025) மூலம் ஆட்டம் டுரால்ட் ஆர்க்கபா, ஐமாக்ஸ் பிலிமில் கதைப்படம் எடுத்த முதல் பெண் ஒளிப்பதிவாளர் ஆனார். 2025ல் நோலன் படமாக்கிய 'தி ஒடிசி' முழுக்க ஐமாக்ஸ் பிலிமில் எடுக்கப்பட்டது. வசனக் காட்சிகளுக்காக காமிராவின் இரைச்சலை அடக்கவும் வழி கண்டார்கள். சுருள் மட்டும் இன்னும் மூன்று நிமிடம்தான்.