போட்டியே நடக்கலைன்னா தகுதி பெறுவது எப்படி? கொரோனா காலத்தில் மாறிய விதிகள்

குறிஞ்சிப்பாடி, நெய்வேலி பக்கம் ஸ்கேட்டிங் என்றால் சக்கரம் வைத்த ஷூதான். கனடாவில் ஐஸ் மேல் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் பிரபலம். கொரோனா நேரத்தில் அங்கே தேசியப் போட்டிக்கு ஆளை எப்படித் தேர்வு செய்தார்கள்?

வீடியோவை வைத்துத்தான். 2021 ஜனவரியில் தகுதிச் சுற்றான 'ஸ்கேட் கனடா சேலஞ்ச்' ஆன்லைனில் நடந்தது. வீரர்கள் அவரவர் பகுதியிலேயே ஆட, நடுவர்கள் பதிவைப் பார்த்து மார்க் போட்டார்கள். ஆனா, பிப்ரவரியில் வான்கூவரில் நடக்க இருந்த தேசியப் போட்டியே ரத்தாகிவிட்டது! தகுதி பெற்றும் ஆட இடமில்லை.

தனியா ஆடுற விளையாட்டுக்கு வீடியோ சரி. வாள்வீச்சுக்கு எதிரில் ஆள் வேணுமே? அதனால் 2020 மார்ச்சில் அதன் சர்வதேச ரேங்கிங் அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கும் தள்ளிப்போச்சு. சென்னை வீராங்கனை பவானி தேவி ஓராண்டு காத்திருந்தார். 2021 மார்ச்சில் புடாபெஸ்ட் உலகக் கோப்பை முடிந்ததும் கணக்குப் பார்த்தார்கள். ஆசியா-ஓசியானியாவுக்கு ரேங்கிங்படி 2 இடம். 45-வது ரேங்கில் இருந்த பவானிக்கு அதில் ஒன்று. ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவர்தான். டோக்கியோவில் முதல் ஆட்டத்தை 15-3 என ஜெயித்தார். அடுத்ததில் 7-15 எனத் தோற்றார்.