தோட்டத்துக் காகிதங்களுக்கு ஏற்ற ஸ்கேனர்

சுங்கைப் பட்டாணியைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் வரிசை பிடித்து நின்ற நிலங்களிற் பலவற்றில் இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துவிட்டமையால், லயங்களை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் அலமாரிகளிலும் தகரப் பெட்டிகளிலுமே அந்த வாழ்க்கையின் சரித்திர ஆதாரங்கள் பெரும்பாலும் எஞ்சியிருக்கின்றன. கோயில் திருவிழா நோட்டீஸ், தமிழ்ப்பள்ளி மலர், 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சந்தா ரசீது, ஸ்டூடியோவில் எடுத்த கலியாணப் படம் ஆகிய இவை யாவும் நம் ஊரின் ஈரக்காற்றில் நாள்தோறும் மங்கிவருகின்றன. 1947இல் பீடோங் வட்டாரத்தில் கள்ளை எதிர்த்து நின்ற ஹார்வர்ட் தோட்டத்துத் தொண்டர் படையைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அக்காலத்து மனிதரின் முகத்தைக் காண விரும்புவோர் ஏதோ ஒரு பேத்தியின் பெட்டியைத்தான் திறக்கவேண்டும்.

ஆகவே ஒரு ஸ்கேனர் வாங்கி இவற்றைப் பிரதி எடுத்துவைக்க வேண்டுமென்று கோயில் நிர்வாகத்தாரோ பள்ளியின் முன்னாள் மாணவரோ நினைப்பது மிகவும் போற்றத்தக்க காரியம். அவர்கள் உபயோகிக்கும் கணினியில் உபுண்டு, டெபியன் போன்ற திறமூல லினக்ஸ் இயங்குதளம் இருக்குமானால், கடைக்குப் போகுமுன் பூர்வாங்கமாக ஒரு விசாரணை அவசியம். ஸ்கேனர் தானாக எதையும் செய்வதில்லை. அதன் பாஷையை அறிந்த இயக்கி கணினியில் இருக்கவேண்டும். லினக்ஸ் உலகில் அப்பணியைச் செய்வது, டேவிட் மோஸ்பெர்கர், ஆண்ட்ரியாஸ் பெக் முதலியோர் 1990களில் தொடங்கிய ‘சேன்’ என்னும் திட்டம். அது எந்தெந்த மாதிரி எந்த அளவுக்கு இயங்கும் என்பதை முழுமை, நன்று, அடிப்படை, குறைந்தபட்சம், இயங்காது என்று தரம் பிரித்துப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது.

அப்பட்டியலில் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்துத் திருப்தியடைவது போதாது. மாதிரியின் எண்ணையும் பார்க்கவேண்டும். கேனன் நிறுவனத்தின் லைடு வரிசையில் 20, 30 ஆகிய பழைய மாதிரிகள் ‘பிளஸ்டெக்’ என்ற இயக்கியாலும், 110, 210, 220 ஆகியவை ‘ஜெனிசிஸ்’ என்பதாலும், 300, 400 ஆகியவை ‘பிக்ஸ்மா’ என்பதாலும் இயங்குகின்றன. பெயர் ஒன்றாயினும் உள்ளிருக்கும் சில்லு வேறு. எப்சன் வி600 போன்ற உயர்ந்த சாதனங்களோ நிறுவனமே தரும் மூடிய துணைநிரல் ஒன்றைச் சேர்த்தால்தான் லினக்ஸில் அசையும். அத்துணைநிரலின் ஆயுள் அந்த நிறுவனத்தின் மனம்போல் அமைவதாலும், பழுதானால் திருத்துவதற்கு அதன் மூலநிரல் வெளியாரிடம் இல்லாமையாலும், நீண்டகாலப் பணிக்கு முழுதும் திறந்த இயக்கியுள்ளதையே நான் விரும்புவேன்.

இதனினும் முக்கியமானது கண்ணாடிக்குக் கீழுள்ள கண். லைடு வரிசை போன்ற மெல்லிய ஸ்கேனர்களில் சி.ஐ.எஸ். என்னும் உணரி காகிதத்தை ஒட்டியே நகர்வதால், கணினியின் யு.எஸ்.பி. கம்பியிலிருந்து வரும் மின்சாரமே அதற்குப் போதும். தட்டையான தாளைத் தெளிவாகவும் படிக்கும். ஆனால் ஓரம் சுருண்ட பழைய படத்தையோ, தடித்த அட்டைபோட்ட சம்பளக் கணக்குப் புத்தகத்தையோ வைத்துப் பாருங்கள்: கண்ணாடியை விட்டுச் சில மில்லிமீட்டர் எழும்பிய இடத்தில் எழுத்துக் கலங்கிப்போகும், இரண்டு பக்கம் கூடும் முதுகோரத்தில் கிராணி எழுதிய கடைசி எண் இருட்டில் மறைந்துவிடும். சி.சி.டி. உணரியும் கண்ணாடி வில்லையும் கொண்ட பருத்த ஸ்கேனர் அந்த எழும்பிய பகுதியையும் ஓரளவு கூர்மையாகவே பிடிக்கும். எனவே தனித்தாள்கள் மிகுந்தவர் மெல்லியதையும், கட்டுப் புத்தகமும் வளைந்த படங்களும் மிகுந்தவர் சி.சி.டி.யையும் தேடுவது நலம். பின்னதில் திறந்த இயக்கியோடு கிடைப்பவை பெரும்பாலும் பழைய மாதிரிகளாதலால், இரண்டாங்கைச் சரக்கைத் தேடவும் தயங்கவேண்டியதில்லை.

பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிடும் 4800 டி.பி.ஐ. என்ற எண்ணுக்கு மயங்கவேண்டாம். அச்செழுத்துக்கு 300, புகைப்படத்துக்கு 600 போதுமானது; நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை 600இல் வண்ணமாக எடுத்துச் சுருக்காமல் சேமித்தாலே சுமார் 26 மெகாபைட் ஆகிவிடும்.

கடையில் பணம் கொடுக்குமுன், லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் மடிக்கணினியை அதிலிருந்தே தொடங்கி, ஸ்கேனரை இணைத்து, ‘ஸ்கேன்இமேஜ் -எல்’ (scanimage -L) என்ற கட்டளையை இட்டுப் பாருங்கள். சாதனத்தின் பெயர் திரையில் வந்தபின், ஒரு பக்கத்தை முழுதாக எடுத்தும் பாருங்கள். பழைய ஸ்கேனராயின், போக்குவரத்துக்காக உள்ளிருக்கும் தலையைக் கட்டிவைக்கும் பூட்டு அடியிலோ பக்கவாட்டிலோ இருக்கும். மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே அதை விடுவித்துவிட வேண்டும்.