மெலிந்தவருக்கும் சலரோகம் வரும்

"சலரோகம் உடம்பு பெருத்தவர்களின் வருத்தம். தோட்டத்திலும் வயலிலும் மாய்கின்ற எங்களுக்கு அது ஏன் வரப்போகிறது?" என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அதனால் மெலிந்த ஒருவர் மேலும் மெலிந்து, அடிக்கடி சலம் கழித்து, தாகத்தால் தவித்தாலும், "சாப்பாடு காணாது, யோசனை கூடிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். இது ஆபத்தானது.

நாம் உண்ணும் சோறும் மாவும் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் சேர்கின்றன. அதனை உடற்கலங்களுக்குள் புகவிடுவது, சதையி சுரக்கும் இன்சுலின். குளத்தில் நீர் இருந்தும் வாய்க்கால் அடைபட்டால் வயல் காயும். வாய்க்கால் துப்புரவாக இருந்தும் குளம் வற்றினால் அப்போதும் வயல் காயும். சலரோகமும் இப்படித்தான்.

பெருத்தவரிடம் பெரும்பாலும் வாய்க்கால் அடைபடுகிறது. ஈரலிலும் வயிற்றினுள்ளும் சேரும் கொழுப்பு இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. சதையி கூடுதலாகச் சுரந்து ஈடுசெய்து, காலப்போக்கில் களைத்துவிடுகிறது. இவர்கள் நிறையைக் குறைத்தால் நல்ல பலன் உண்டு.

மெலிந்தவரிடம் பெரும்பாலும் குளமே வற்றுகிறது. இதில் மூன்று வகையைக் கவனிப்போம்.

1. சிறுவரிடமும் இளைஞரிடமும் கூடுதலாகக் காணப்படும் முதலாம் வகை. உடலின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. இவர்களுக்கு இன்சுலின் ஊசி அவசியம். நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிராபத்து நேரலாம்.

2. கைகால் மெலிந்து வயிறு மட்டும் பருத்தவர்களின் சலரோகம். இது தென்னாசியரிடம் அதிகம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினால் எச்சரிக்கை தேவை.

3. சிறுவயதில் நெடுங்காலம் போசாக்கின்றி வாழ்ந்தவர்களுக்கு வரும் சலரோகம். இது 1955 இல் யமேக்காவில் விபரிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 1985 இல் இதனைத் தனி வகையாக ஏற்று, 1999 இல் நீக்கியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நோயாளரிடம் நடத்தப்பட்டு 2022 இல் வெளியான ஆய்வு, இவர்களிடம் இன்சுலின் சுரப்புக் குறைவு என்றும், ஆனால் உடல் இன்சுலினை நன்றாக ஏற்கிறது என்றும் காட்டியது. 2025 இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் இதனை ஐந்தாம் வகை எனப் பெயரிட்டது.

கருவிலிருக்கும்போதே பசி தன் தடத்தைப் பதிக்கிறது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தின்போது நெதர்லாந்தில் கருவிலிருந்தவர்களிடம், ஐம்பது வயதளவில் இரத்தத்தில் சீனி கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே இடம்பெயர்ந்து வாழும்போதும் கர்ப்பிணித் தாயின் பங்கு குறையாமல் பார்ப்பது குடும்பம் முழுவதினதும் கடமை.

நாம் செய்யக்கூடியவை:

- தாகம், அதிக சலம், காரணமின்றி மெலிதல், ஆறாத புண் இருந்தால் அரச வைத்தியசாலையில் இரத்தம் சோதிப்போம். வெறுவயிற்றில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சலரோகம் எனக் கருதி மீண்டும் சோதித்து உறுதிசெய்வர்.
- மெலிந்தவர் பட்டினி கிடந்து "பத்தியம்" காப்பது தவறு. பயறு, கடலை, மீன், முட்டை, கீரை அவருக்கு வேண்டும்.
- இன்சுலின் போட்டவர் சாப்பிடத் தவறினால் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரலாம். உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.
- குளிர்சாதனப் பெட்டி இல்லாவிடில், இன்சுலினை நீர் புகாதபடி பொதிசெய்து, நிழலில் ஈரமான மண்பானையில் வைக்கலாம்.
- இடம் மாறும்போது கிளினிக் கொப்பியையும் மருந்தையும் கைப்பையில் முதலில் வைப்போம்.

அயலில் ஒருவர் மெலிந்து வாடினால், வறுமை என்று மட்டும் எண்ணி விடாமல், ஒருமுறை இரத்தம் சோதிக்க அழைத்துச் செல்வோம்.