தாஜ்மஹாலை மாமல்லபுரம் முந்திய ஆண்டு

2021-22ஆம் நிதியாண்டில், நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் இந்தியத் தொல்லியல் சின்னங்களில் வெளிநாட்டவர் மிகுதியாக வந்த இடம் மாமல்லபுரம். அங்கே வந்தவர்கள் 1,44,984 பேர்; தாஜ்மஹாலுக்கு 38,922 பேர். இந்த இரண்டு எண்களையும் பட்டை வரைபடமாக்கினால் மாமல்லபுரத்தின் பட்டை மூன்றரை மடங்குக்கும் மேல் உயர்ந்து நிற்கும். படத்தில் ஒரு பிழையும் இருக்காது. ஆனால் கொரோனாவால் நிறுத்தப்பட்ட வழக்கமான பன்னாட்டு விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியது 2022 மார்ச் 27 அன்றுதான், அதாவது அந்த நிதியாண்டின் கடைசி வாரத்தில். இது தெரியாதவர், அந்தப் படத்தை நம்பிக் கடன் வாங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதி கட்டத் துணியக்கூடும். எண் சரியாகவும் படம் அழகாகவும் இருந்து முடிவு மட்டும் தவறிப்போகும் இந்த இடத்தைக் கண்டுகொள்ளப் பழகுவதே தரவுக் காட்சிப்படுத்தல் தேர்வுக்கான உண்மையான தயாரிப்பு. பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று மனப்பாடம் செய்வது அதற்குப் பிறகுதான்.

தேர்வின் அமைப்பே இதைச் சொல்கிறது. மைக்ரோசாஃப்டின் பவர் பி.ஐ. மென்பொருளுக்கான பி.எல்.-300 தேர்வை எடுத்துக்கொள்வோம். நேரம் 100 நிமிடம். தேர்ச்சிக்கு 1000க்கு 700 வேண்டும். (700 என்றால் நூற்றுக்கு எழுபது கேள்விகள் சரி என்று பொருளல்ல, கேள்விகளின் கடினத்தைப் பொறுத்து அளவிடப்படும் மதிப்பெண் அது.) பாடத்திட்டத்தில் தரவைச் சீர்செய்தல், அட்டவணைகளை இணைத்து மாதிரி அமைத்தல், காட்சிப்படுத்திப் பகுத்தாய்தல் ஆகிய மூன்றுக்கும் தலா 25 முதல் 30 விழுக்காடு. எஞ்சியது நிர்வாகமும் பாதுகாப்பும். ஆக, படம் வரைவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பாதிக்குப் பாதி, படத்துக்கு முந்தைய வேலை. கசிந்த கேள்விகளை விலைகொடுத்து வாங்கிப் படிப்பவர்கள் தேர்வு விதியை மீறுவதோடு, இந்தப் பாதியைக் கற்காமலே வெளியேறுகிறார்கள்.

அந்தப் பாதியைக் கற்க மாதிரிக் கோப்புகளைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை; மாமல்லபுரத்துக்கு அருகே உள்ள புதுப்பட்டினமே நல்ல பாடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவ்வூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானபின் வந்த பட்டியல்களில் செங்கல்பட்டில் இருக்கிறது. மாவட்ட வாரியாகக் கோடு வரைந்தால், 2019க்குப் பின் காஞ்சிபுரத்தின் கோடு திடீரென்று சரியும்; ஊரைவிட்டு யாரும் போகவில்லை, எல்லைதான் மாறியது. ஊர்ப்பெயரிலும் இதே சிக்கல். புதுப்பட்டினத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘டி’க்குப் பின் ‘ஹெச்’ சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. மாமல்லபுரம் ஒரு கோப்பில் மகாபலிபுரமாக இருக்கும். மென்பொருளுக்கு இவை வேறு வேறு ஊர்கள். பவர் பி.ஐ.க்குள் இருக்கும் பவர் குவெரி கருவியில் பெயர்களை ஒழுங்குபடுத்தி, எந்த ஊர் எந்த ஆண்டில் எந்த மாவட்டம் என்று தனியோர் அட்டவணை அமைத்து, அதைப் புள்ளிவிவர அட்டவணையோடு இணைக்க வேண்டும். இதை ஒருமுறை கையால் செய்தவருக்கு மாதிரி அமைத்தல் பற்றிய கேள்விகள் புதிராகத் தோன்றாது. பவர் பி.ஐ. டெஸ்க்டாப் விண்டோஸ் கணினியில் இலவசம். பயிற்சிப் பாடங்களும் மாதிரித் தேர்வும் மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் இலவசம். கட்டணம் தேர்வுக்கு மட்டுமே.

வேலை தருபவர்கள் அனுபவத்தைத்தானே கேட்கிறார்கள், சான்றிதழ் எதற்கு என்பார்கள். நியாயமான கேள்வி. தாள் மட்டும் போதாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிறுசேரியிலோ மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலோ முதல் வேலை தேடும் வணிகவியல் பட்டதாரிக்குக் காட்ட முந்தைய வேலை ஏது? மேலே சொன்ன மாவட்டச் சிக்கலை அவிழ்த்த அறிக்கை ஒன்று கையில் இருந்தால், சான்றிதழுக்குப் பக்கத்தில் அதுவும் பேசும். தமிழில் தேர்வு இல்லை என்பது இதைவிடக் கனமான குறை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அது உண்மையான தடை. தங்கள் மொழியில் தேர்வு இல்லாதவர்கள் கூடுதலாக 30 நிமிடம் கேட்டுப் பெற வழியிருக்கிறது. தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும். முதல் முயற்சி தவறினால் 24 மணி நேரம் கழித்து மீண்டும் எழுதலாம். அதன்பின் ஒவ்வொரு முறையும் 14 நாள் காத்திருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவே படம் வரைந்து தரும்போது இத்தனை பாடு எதற்கு என்பது இப்போது அதிகம் கேட்கும் வாதம். வரையும் வேலையை அது எடுத்துக்கொள்ளட்டும். மாமல்லபுரத்தின் 1,44,984ஐக் கொடுத்தால் நொடியில் பட்டை வரும். பக்கத்தில் கொரோனாவுக்கு முந்தைய 2018-19ஐயும் வைத்துப் பார் என்று கேட்க, அந்த ஓராண்டுக் கணக்கின்மேல் முதலில் ஒருவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.