வேம்பின் கசப்பும் மண்ணின் உயிர்களும்

குடியானவன் கடன்பட்டு வாங்கும் யூரியாவில் பெரும் பங்கு பயிருக்குச் சேராமலே போகிறது. மண்ணில் அது அம்மோனியமாகிறது. அதை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களை வினோகிராட்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானி 1890-ல் பிரித்துக் காட்டினார். குளிர்ந்த மண்ணில் மந்தமாயிருக்கும் இவ்வுயிர்கள், நமது நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் வெகு வேகம் காட்டுகின்றன. நைட்ரேட்டோ மழைநீரில் கரைந்தோடுகிறது. நெல்வயலில் வாயுவாகியும் பறந்து விடுகிறது.

வேப்பங்கொட்டையின் கசப்புச் சத்து இவ்வுயிர்களின் வேகத்தைத் தணிக்கிறது. வேப்பம் பிண்ணாக்கை உரத்துடன் கலந்திட்ட நம் குடியானவர்கள் ரஸாயன சாஸ்திரம் பேசவில்லை, பலனைக் கண்டிருந்தார்கள்! 2015-ல் இந்திய ஸர்க்கார் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேம்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியது சரியே. ஆயினும் அக்கசப்பு மரத்துக்கு மரம், சீதோஷ்ணத்துக்கேற்ப மாறுவது. பூசும் எண்ணெயின் வீரியத்தைச் சோதித்து, முடிவைக் குடியானவருக்குப் பகிரங்கமாக அறிவிக்குமாறு ஸர்க்காரை நாம் கேட்டுக்கொள்கிறோம்.