நீண்ட வண்டிக்கு எந்த வழிகாட்டி?

சென்ற கோடையில் வாடிக்கையாளர் ஒருவர் கடன் விண்ணப்பத்துடன் எமது மீனாட்சிபுரம் கிளைக்கு வந்திருந்தார். தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி, அறுபதைக் கடந்தவர். மூட்டுவலியால் நெடுநேரம் உட்கார இயலாத தம் தாயாரை மலைநாட்டுக்கு அழைத்துச் செல்ல, படுக்கையும் கழிவறையும் கொண்ட கேரவன் ஒன்றை வாங்க விரும்பினார். விற்பனையாளர் தந்த விலைப்பட்டியலின் கடைசி வரியில், வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவிக்கென ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தது. அவர் அதன்மேல் விரலை வைத்து, "போன்லயே மேப் இருக்குதுங்களே சார், இது எதுக்குங்க?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. முந்தைய ஆண்டு உறவினர் திருமணத்திற்காக நாங்கள் ஒரு பெரிய வேனை வாடகைக்கு எடுத்துச் சென்றோம். கைப்பேசி வரைபடம் 15 நிமிடம் மிச்சமாகும் என்று ஒரு குறுக்கு வழியைக் காட்டியது. அவ்வழி ஒரு தாழ்வான ரயில்வே சுரங்கப்பாதையில் போய் நின்றது. உயரத் தடுப்புக் கம்பியை ஓட்டுநர் கவனிப்பதற்குள் கூரையின் குளிர்சாதனப் பெட்டி அதில் மோதி நொறுங்கிவிட்டது. திரும்ப இடமின்றி வெகுதூரம் பின்னோக்கியே வந்தோம். மண்டபத்தை அடைந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. பழுதுச் செலவைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம். முகூர்த்தத்தைத் தவறவிட்ட என் மாமியாரின் வருத்தம் மட்டும் இன்றும் தீரவில்லை.

வரைபடம் பொய் சொல்லவில்லை என்பது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. அது காருக்கான வழியைக் காட்டியது. நாங்கள் சென்றதோ காரில் அன்று.

கருவி அறிவதும் அறியாததும்

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வருகின்றன. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால், நம் கையிலுள்ள கருவி தன் இருப்பிடத்தைக் கணக்கிட்டுவிடும். இதற்குக் கைப்பேசிக் கோபுரமோ இணையமோ தேவையில்லை. நம் நாட்டின் நாவிக் செயற்கைக்கோள்களும் இதே பணிக்கென உருவாக்கப்பட்டவையே.

செயற்கைக்கோள் சொல்வது, "நீ இங்கே இருக்கிறாய்" என்பதை மட்டுமே. எந்தச் சாலையில் செல்ல வேண்டும் என்பதைச் சொல்வது கருவிக்குள் இருக்கும் வரைபடம். ஆகவே நாம் விலை கொடுத்து வாங்குவது திரையை அன்று, வரைபடத்தையே. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கார்மின், டாம்டாம் ஆகிய நிறுவனங்கள் கேரவன்களுக்கென்றே தனிக் கருவிகளை விற்கின்றன. வண்டியின் உயரம், அகலம், நீளம், எடை ஆகியவற்றை ஒருமுறை பதிந்துவிட்டால், தாழ்ந்த பாலத்தையும் எடை வரம்புள்ள சாலையையும் அவை தவிர்த்துவிடும். பாலத்தின் உயரம் வரைபடத்தில் பதிவாகியிருந்தால்தான் அது நடக்கும். நம் ஊர்ச் சுரங்கப்பாதை வரைபடத்தில் வெறும் கோடாக மட்டுமே இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் நம்மைக் காப்பாற்ற இயலாது. எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "இதிலுள்ள இந்திய வரைபடத்தில் உயர வரம்பும் எடை வரம்பும் உள்ளனவா?" தெளிவான விடை கிடைக்காவிடில், அந்த வசதிக்கெனக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

மூன்று வழிகள்

கேரவன் என்றதும் நமக்குத் திரைப்பட நடிகர்களின் ஓய்வு வண்டியே நினைவுக்கு வரும். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, 2022இல் இடுக்கி மாவட்டத்தின் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்ட பிறகு, நடுத்தரக் குடும்பங்களும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கின. எம் வாடிக்கையாளரின் ஆசையும் வாகமண்தான்.

மீனாட்சிபுரத்திலிருந்து வாகமண் செல்லப் பல வழிகள் உண்டு. பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர், மூணாறு வழியாக மலையேறிச் செல்வது ஒன்று. திண்டுக்கல், தேனி, குமுளி வழியாகச் செல்வது மற்றொன்று. பாலக்காடு, திருச்சூர், மூவாற்றுப்புழை, தொடுபுழை எனச் சமவெளியில் நெடுந்தூரம் சென்று, கடைசியில் மட்டும் மலையேறுவது மூன்றாவது. முதல் வழியைக் கண்டால் எவருக்கும் ஆசை எழும். ஆயினும் அது யானைகள் கடக்கும் வனச்சாலை, இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, வளைவுகளும் குறுகியவை. மூணாற்றை அடுத்த கேப் ரோடு பகுதியில் மழைக்காலங்களில் மண்சரிவு நேர்ந்ததும் உண்டு.

நீளத்துக்கே வரம்பு விதிக்கும் மலைகளும் உள்ளன. கொடைக்கானலுக்கு 12 மீட்டருக்கு மேல் நீளமுள்ள வாகனங்கள் செல்ல 2024இல் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறையும் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய ஆணைகள் மாறக்கூடியவை. கருவியில் உடனுக்குடன் ஏறிவிடும் என்று நம்ப இயலாது. புறப்படும் முன் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

இது வசதி பற்றிய செய்தி மட்டுமன்று. 2023 அக்டோபரில் கொச்சி அருகே கோதுருத்தில், மழை இரவில் வரைபடத்தை நம்பிச் சென்றதாகக் கூறப்பட்ட கார் ஆற்றில் இறங்கி, இளம் மருத்துவர்கள் இருவர் உயிரிழந்தனர். அதன்பின், மழைக்காலத்தில் அறிமுகமற்ற வழிகளில் வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாமெனக் கேரளக் காவல்துறை மக்களுக்கு அறிவுறுத்தியது.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

*அளவு:* வண்டியின் உயரத்தை நீங்களே நாடா பிடித்து அளந்து பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி, சூரியத்தகடு, ஆன்டெனா ஆகியவற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். அந்த எண்ணைத் தாளில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படுமாறு ஒட்டி வையுங்கள்.

*இணையமின்றி இயங்குதல்:* ஆனைமலைக் காடுகளில் கைப்பேசிச் சமிக்ஞை பல இடங்களில் அற்றுப்போகும். முன்கூட்டியே வரைபடத்தைப் பதிவிறக்காவிடில், வெற்றுத் திரையில் ஒரு புள்ளி மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும். தனிக் கருவியின் பெரும் பயன் இங்குதான். கைப்பேசியே போதும் என்பவர்கள், பயணப் பகுதி முழுவதையும் வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம்.

*மின்சாரம்:* கார்களில் 12 வோல்ட் மின்கலம் இருக்கும். பேருந்து அடிச்சட்டத்தில் கட்டப்பட்ட பெரிய வண்டிகளில் பெரும்பாலும் 24 வோல்ட். கருவியின் மின்னூட்டி உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று பாருங்கள்.

*திரையும் குரலும்:* பெரிய வண்டியில் கண்ணாடி ஓட்டுநரிடமிருந்து தள்ளி இருக்கும். எனவே 7 அங்குலத் திரை எளிதில் கண்ணுக்குத் தெரியும். பின்புறக் கேமராவை இணைக்கும் வசதி இருந்தால் மிக நன்று. கைப்பேசியாயின் அதைத் தாங்கியில் பொருத்த வேண்டும். 2020 அக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள விதி, ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் வழிகாட்டலுக்கு மட்டுமே கையடக்கக் கருவியைப் பயன்படுத்த அனுமதிக்கிறது.

*புதுப்பித்தல்:* வரைபடப் புதுப்பிப்பு இலவசமா, ஆண்டுக் கட்டணமா என்று கேளுங்கள். "வாழ்நாள் முழுவதும்" என்ற சொல் பொதுவாகக் கருவியின் ஆயுளைக் குறிப்பது, நம்முடையதை அன்று.

*ஆவணம்:* வண்டியின் கட்டமைப்பில் மாற்றம் செய்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மறைத்தால், இழப்பீடு கோரும்போது சிக்கல் எழும். விலைப்பட்டியலில் துணைக்கருவிகளைத் தனித்தனியே காட்டச் சொல்லுங்கள். எதற்குக் கடன் பெறுகிறோம் என்பது அப்போதுதான் தெளிவாகும்.

*எச்சரிக்கை:* வரைபடத்தைப் புதுப்பிக்கப் பணம் செலுத்துமாறு குறுஞ்செய்தியில் இணைப்பு வந்தால் தொடாதீர்கள். ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் பகிர வேண்டாம். ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழையுங்கள். உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள்.

தெரிந்த சாலையில் தேர்வு

மேற்கண்டவற்றை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட அந்த விவசாயி, எனக்குத் தோன்றாத ஒரு சோதனையைத் தாமே செய்தார். விற்பனையாளரிடம் இரு கருவிகளைப் பார்வைக்கு வாங்கி, இரண்டிலும் தம் வண்டியின் அளவைப் பதிந்து, தாம் பிறந்தது முதல் அறிந்த ஓர் இடத்துக்கு வழி கேட்டார்: வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் தம் தங்கை வீடு. ஒரு கருவி வாய்க்கால் கரை வழியைக் காட்டியது; அதில் மாட்டுவண்டி சென்றாலே எதிரே வருபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். மற்றொன்று சுற்றுவழியான தார்ச்சாலையைக் காட்டியது. "தெரிஞ்ச ஊர்லயே தப்பாச் சொல்றது, தெரியாத ஊர்ல எப்படிங்க சரியாச் சொல்லும்?" என்றார். அவர் வாங்கியது இரண்டாவதை. விலையில் அதுவே குறைந்ததும்கூட.

மழைக்காலம் முடிந்தபின் அவர் தாயாருடன் வாகமண் சென்று வந்தார். மூன்றாவது வழியே, பகலில் மட்டும் ஓட்டி, இரண்டு நாட்களில் சென்றாராம். கருவி சொன்ன பின்பும், மலையடிவாரத்துத் தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்த பேருந்து ஓட்டுநரிடம் மேலே வழி எப்படி என்று கேட்டுக்கொண்டே ஏறியிருக்கிறார்.

அடுத்த மாதத் தவணை செலுத்த வந்தபோது, "அம்மா வழி முழுக்கப் படுத்துட்டே வந்தாங்க சார், ஒரு எடத்துலயும் வலிக்குதுன்னு சொல்லல" என்றார். வாங்கிய கருவி சரிதானா என்று அதன்பின் நான் அவரிடம் கேட்கவில்லை.